மீசை இன்னும் இருக்கிறது

எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும் இளவரசன் மாமா அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். தேங்காய் என்றால் சரி. என் பட்டச் சான்றிதழ் வந்த உறையையும் அப்படித்தான் ஆட்டினார். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிற என் அத்தை மகன் அவர்.

நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனத்துக்காக, வண்டிக் கூரையில் பொருத்தி சிக்னல் வாங்கும் மைக்ரோவேவ் ஆண்டெனா ஒன்றைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் வடிவமைத்தேன். மாமாவின் ஜீப்பில் மாட்டிச் சோதித்தபோது, மலைப்பாதைக் குலுக்கலில் உள்ளே பற்றவைத்த இடம் இரண்டு முறை விட்டுப்போனது. மூன்றாவதும் விட்டால் என் வேலை போய்விடும். குறை படிப்பிலா, என்னிடமா என்று குழம்பியபடி புதுக் குழாயை அவரிடம் கொடுத்தேன். ஆட்டினார்.

"உள்ள இன்னாமோ ஆடிக்கினு இருக்குது, கோகிலா."

"நூலளவுதான் மாமா. கணக்குப்படி அது ஒண்ணும் பண்ணாது."

"உன் கணக்கு என் ஜீப்புல ஏறி வந்து பாத்துதா?"

கோபத்தோடு குழாயைப் பிரித்தேன். ஆண்டெனாவைச் சுற்றி மூன்று இடங்களில் ஸ்பாஞ்சு வளையங்களை இறுக்கமாகச் செருகி மூடினேன். மறுபடி ஆட்டினார்.

"சத்தமே இல்லியே. உள்ள வைக்கவே மறந்துட்டியா? இது முழுசா திரும்பி வந்தா மீசைய எடுத்துடறேன்."

வெள்ளிமலை போய்த் திரும்பும்வரை சிக்னல் ஒருமுறைகூட அறுபடவில்லை. வேலை தப்பியது. தப்ப வைத்தது என் படிப்பா, அவர் காதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

மீசையைக் கேட்டால், "குலசாமிக்கு மொட்டை போடறப்ப சேத்து எடுத்துக்கலாம்" என்கிறார். இரண்டு ஆடி போய்விட்டது. இரண்டு முறையும் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மீசையை முறுக்கிக்கொண்டுதான் வந்து நின்றார்.