அரூஸ் சேரின் ஆடாத கோடு

இரண்டாம் சுற்றுப் பயிற்சியின் நான்காம் நாள் காலை ஒன்பது பத்துக்குச் செய்தி வந்தபோது அரூஸ் சேர் வகுப்புத் திரையில் பதினேழாவது படத்தில் நின்றார். தொழிற்சாலைப் பொறுப்பாளர் நதீஷா வாசலுக்கு வந்து, "மூக்கையா போயிட்டாருங்க. ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் சொன்னாங்க" என்றாள். தேயிலை உலர்த்தும் ட்ரையரில் இருபத்தாறு வருடம் நின்ற மனிதர். முன்வரிசைக் கதிரையில் இருந்த உதவியாள் எஸ்ரன் தலையைக் குனிந்துகொண்டார். சேர் கையிலிருந்த சிவப்பு ஒளியைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "மிச்சம் கவல. இந்தப் படம் முடிஞ்ச ஒடன ஒரு நிமிசம் எழும்பி நிப்பம்" என்றார். திரையில் இருந்தது மூக்கையாவின் ட்ரையர் சூட்டைக் கருவி வரைந்த கோடு.

அக்குறணையிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு வேனில் வரும் அரூஸ் சேர், ஆலைகளில் சூட்டையும் அழுத்தத்தையும் ஈரத்தையும் கருவிகளால் கட்டுக்குள் வைப்பது எப்படி என்று ஊழியருக்குச் சொல்லிக்கொடுப்பவர். அழைப்பிதழில் 'செயன்முறைப் பயிற்சி' என்று தடித்த எழுத்தில் இருக்கும். பதினாறு தொழிற்சாலைகளில் நடத்திவிட்டார். சட்டையில் ஒரு துளி எண்ணெய் பட்டதில்லை. தலைக்கவசம் உறைக்குள் இருக்கும், போட்டோ எடுக்கும்போது வெளியே வரும். எந்த இயந்திரத்துக்கும் தமக்கும் நடுவே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் விளக்கம் தொடங்குவார். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றுவது மனைவி றம்லத். அந்நேரம் சேருக்கு முன்வாசலில் ஏதாவது வேலை இருக்கும்.

"மெசினுக்கு பொய் செல்லத் தெரியா. மனிசனுக்குத்தான் தெரியும்." வகுப்புக்கு நான்கு தடவையாவது இதைச் சொல்வார். சட்டங்கள் இரண்டு. ஓட்டோவில் தானாக ஓடும் இயந்திரத்தை யாரும் கையால் ஓட்டும் மனுவலுக்கு மாற்றக் கூடாது, மாற்றினால் பெயில். கேள்வி எல்லாம் கடைசியில்.

மூன்று மாதத்துக்கு முன் முதல் சுற்றுப் பயிற்சியை முடித்துப் போனபோது, சூட்டுக்கோடு ஆடினால் அவருடைய அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். மற்ற ஆலைகளின் கோடுகள், அடுப்பில் விறகு விழும் போதெல்லாம் துள்ளின. மூக்கையாவின் கோடு தொண்ணூற்றாறு பாகையில் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் கிடந்தது. சேர் அதைப் போகுமிடமெல்லாம் காட்டினார். "எங்கட ட்ரெய்னிங்" என்பார். எப்படிச் செய்தார் என்று மூக்கையாவிடம் அவர் கேட்டதேயில்லை.

மௌனம் நாற்பது விநாடியில் முடிந்தது. பிறகு எல்லோரும் ட்ரையருக்குப் போனார்கள். புளிக்கவைத்த தேயிலைத் தூள் துக்கம் பார்க்காது. அப்போதே உலர்த்த வேண்டும். அதோடு மூக்கையாவின் இடத்துக்கும் இனி ஆள் வேண்டும். பதினொரு வருடம் உதவியாளாக நின்ற எஸ்ரனுக்கு சேர் 'பாஸ்' போட்டால் இடம் அவருக்கு. இல்லாவிட்டால் வேறு தோட்டத்திலிருந்து ஆள் வரும்.

"மொதல்ல நான் காட்டியன். பொறகு எஸ்ரன் செய்யணும்" என்று சேர் சூட்டைத் தொண்ணூற்றெட்டில் வைத்து ஓட்டோவை அழுத்தினார். ட்ரையரின் சிறு திரையில் தொண்ணூற்றாறு. எஸ்ரன் கையை உயர்த்தினார்.

"கேள்வி கடைசீல."

தொண்ணூற்றெட்டை எட்டவென்று சூட்டுக் காற்றுக் கதவு தானாக மெல்லத் திறந்தது. தொண்ணூற்றாறு. இன்னும் திறந்தது. தொண்ணூற்றாறுதான்.

"பாருங்கோ, மெசின் எவ்வளவு பொறுமயா போகுது."

"சேர், அது வந்துங்க..."

"கடைசீல எண்டு சென்ன தானே."

கதவு முழுதாகத் திறந்து நின்றது. அடிப்பிடித்த வாசம் வந்தது. உயர்த்திய கையை எஸ்ரன் அப்படியே மனுவல் பொத்தானில் இறக்கினார். கதவை மூடி, சூடு இறங்க அடுப்பு வாயைத் திறந்துவிட்டார். மேல்தட்டு இரண்டிலும் இருந்த தூள் கருகியது. மிச்சத் தூள் தப்பியது.

"ஆரு ஒங்கள தொடச் சென்ன?" சேரின் குரல் கீச்சிட்டது.

"சூடு பாக்குற வயரு காத்துக் குழாய்க்குள்ள இல்லீங்க சேர். மூக்கையாண்ணன் கேத்தலுக்குள்ள போட்டு வச்சிருக்காரு."

அடுப்பின் தலைமாட்டில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியின் இடுக்கால் ஒரு வயர் உள்ளே இறங்கியிருந்தது.

"கோடு ஆடினா கடுதாசி வருதுங்களே. இந்த மலையில தண்ணி தொண்ணூத்தாறுலயே கொதிக்கும், ஆடாதுன்னாரு. சூட்ட அவரு கையிலயே பாத்துக்குவாரு. அவரு படுத்த ரெண்டு நாளும் நானும் அப்பிடித்தான் ஓட்டினேன்."

"அந்தத் தண்ணி?"

"பத்து மணி பிளேன்டீ அதுலதாங்க. சேருக்கும்தான்."

போகுமிடமெல்லாம் கைதட்டு வாங்கிய கோடு ஒரு கேத்தல் தண்ணீர் என்பதைவிட, மூன்று நாளாக அதைச் சீனி போட்டுக் குடித்தோம் என்பதுதான் சேரின் தொண்டையில் நின்றது. கருகல் வாசத்துக்கு நதீஷா ஓடி வந்தாள். "மனுவல்ல போட்டது யாருங்க?"

எஸ்ரன் தரையைப் பார்த்தார். தன் கண்ணில் படாமல் போன கேத்தலைப் பற்றி நதீஷாவுக்குச் சொல்வதா, எஸ்ரனைப் பெயிலாக்குவதா என்று சேர் கணக்குப் போட்டது, கைலேஞ்சியால் நெற்றியை ஒற்றி எடுக்கும் நேரம் மட்டும்.

"நான்தான் போடச் சென்ன, மிஸ். மெசின் பொய் சென்னா மனிசன் என்ன செய்யணும்? இண்டைக்கு பிரக்டிகல் அதுதான். எஸ்ரன் பாஸ்."

பதினெட்டாவது படம் அதுதான் என்பதுபோல் கூச்சமில்லாமல் சொன்னார். எஸ்ரன் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தார்.

தூள் முழுதும் காய்ந்து இறங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் மூக்கையாவின் வீடு இருந்த லயத்துப் பக்கம் போனார்கள். ட்ரையருக்கும் தமக்கும் நடுவே நிறுத்த சேருக்கு ஆள் இல்லை. அவர் கேத்தலிலிருந்து வயரை எடுத்துத் துடைத்தார். ஆணியில் தொங்கிய ஸ்பேனரை எடுத்து, முதலில் தலைகீழாகப் பிடித்து, பிறகு திருப்பிப் பிடித்தார். வயரைக் காற்றுக் குழாயில் பூட்டும் தட்டுக்கு நான்கு போல்ட். மூன்றாவதை இறுக்கும்போது மூக்கையாவைக் கொண்டுவந்த வேன் மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது. ஸ்பேனரைக் குழாயின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான்காவது போல்ட் இன்னும் பூட்டப்படவில்லை.