என் டிராஃப்டில் பெய்த மழை

1. பனிமூட்டத்தில் ஒரு பட்டன்

தில்லி மயூர் விஹாரிலிருந்து கிளம்பிய பஸ் யமுனைப் பாலத்தின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜனவரிப் பனிமூட்டத்தில் ஆறும் இல்லை, பாலமும் இல்லை. மேகத்துக்குள் என் ஜன்னலோர இருக்கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சுகத்தில் கண் செருகும்போதுதான் நினைப்பு வந்தது: நேற்று சாயங்காலம் நான் அழுத்தியது ‘சேவ்’ பட்டனா, ‘கமிட்’ பட்டனா?

ஏர் கூலர் கம்பெனியில் எனக்குத் திட்டமிடும் வேலை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வரப்போகும் கோடையில் எந்த ஊரில் எத்தனை கூலர் விற்கும் என்று எழுதுவோம். 2000களில் அதற்கு ஒரு சாஃப்ட்வேர் வந்தது. ஆளுக்கொரு தனி டிராஃப்ட். அதில் எதை மாற்றினாலும் நமக்கு மட்டும்தான் தெரியும். கமிட் கொடுத்தால்தான் பொது பிளானில் ஏறும். நல்ல ஏற்பாடு. என்னைப் போன்றவனிடம் கொடுத்திருக்கக் கூடாத ஏற்பாடு.

முந்தின நாள் மொட்டைமாடி வெயிலில் வேர்க்கடலை தின்றுவிட்டுப் பாதித் தூக்கத்தில் சீட்டுக்கு வந்தேன். தில்லி வரிசையில் மே மாதம் கண்ணில் பட்டது. அந்த வெக்கை, அந்தப் புழுதிக்காற்று. பாவமாக இருந்தது. மே முழுக்கத் தில்லியில் மழை என்று வைத்துக்கொண்டேன். கூலர் விற்பனை, எல்லா மாடலும் பூஜ்யம். குறிப்பு எழுதும் இடத்தில், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன்: “இன்று நல்ல மழை. யாரும் ஆபீசுக்கு வரவேண்டாம். பஜ்ஜி போடவும்.”

இன்று சாயங்காலம் ஃபாக்டரி பொது பிளானைப் பார்த்துத்தான் மோட்டார் ஆர்டர் போடும். பூஜ்யம் ஏறியிருந்தால் தில்லிக்குக் கூலர் கிடையாது. எனக்கு வேலை கிடையாது.

2. தில்லியை மூழ்கடித்தவன்

சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்பவள் கீதா. தில்லி ஜனக்புரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட்.

“போச்சு கீதா! தில்லியை மூழ்கடிச்சுட்டேன்!”

“அரே சார், முதல்ல அந்தக் குரங்குக் குல்லாயைக் கழட்டுங்கோ. திருடன்னு நெனச்சுட்டேன்.”

பொது பிளானைத் திறந்தாள். தில்லியின் மே மாதம், விற்பனைக் கிளை கொடுத்த எண்களோடு அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது.

“கமிட்டே ஆகலை சார். உங்க மழை உங்க டிராஃப்ட்லதான் பெய்யறது.”

திரும்பி வந்த உயிர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. “ஆனா சார்,” என்றாள், “மத்த ஊர் நம்பரும் ஏறலையே?”

முழுசாக முடியாமல் கமிட் கொடுப்பதில்லை என்பது என் வீம்பு. அரைவேக்காட்டை யாராவது பார்த்துவிடுவார்களாம். லக்னோ, ஜெய்ப்பூர், சண்டிகர் என்று வாரக்கணக்கில் திருத்தியதெல்லாம் அதே டிராஃப்டில், அதே மழையில் நனைந்துகொண்டிருந்தது. கமிட் கொடுத்தால் டிராஃப்ட் மொத்தமும் ஏறும். மழையை விட்டுவிட்டு ஜெய்ப்பூரை மட்டும் ஏற்ற வழியில்லை.

“இப்ப என்னம்மா பண்றது?”

“பொது பிளான்ல பழைய நம்பர் இருக்கே. நான் வாசிக்கறேன், நீங்க உங்க டிராஃப்ட்ல அடிங்கோ. ஜல்தி!”

அவள் வாசிக்க, நான் அடித்தேன். ஒவ்வொரு மாடலாக மழை விட்டுக்கொண்டே வந்தது. பாதிதான் முடிந்திருக்கும், முதுகுக்குப் பின்னால் மேனேஜர் சோப்ரா சார்.

“மே மாசத்துல பூஜ்யமா? இது என்ன எழுதியிருக்கு?” என்றார் இந்தியில்.

நான் கீதாவைப் பார்த்தேன். தமிழ் எழுத்தைத் தடவித் தடவிப் படிக்கும் கீதா, ஆங்கில எழுத்தில் இருந்ததால் சரளமாகப் படித்து, இந்தியில் சொன்னாள். பஜ்ஜியைப் பகோடாவாக்கினாள்.

சோப்ரா சார் திரைக்குக் கிட்டே குனிந்தார்.

“காத்தும் அடிக்குமா?”

“லேசா, சார்,” என்றேன்.

“ம். சாயங்காலத்துக்குள்ள பிளானை ஏத்துங்க. ஆனா இதை அழிக்க வேண்டாம். தனியா வைங்க.”

கீதா மழைக்கு இன்னொரு டிராஃப்ட் திறந்து கொடுத்தாள்; பூஜ்யங்களையும் பஜ்ஜியையும் அதில் திரும்ப அடித்தேன். பிளான் சாயங்காலத்துக்கு முன்பே ஏறியது. தில்லி வெயிலோடு, ஜெய்ப்பூர் என் திருத்தங்களோடு.

3. கற்றுக்கொண்டது

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அரைவேக்காடானாலும் அவ்வப்போது ஏற்றிவிடுங்கள். வேலைக்கு ஒரு டிராஃப்ட், மழைக்கு ஒரு டிராஃப்ட் வைத்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள்.

அந்த மே மாதம் கூலரெல்லாம் விற்றுத் தீர்ந்தது. ஒரு மதியம் கரண்ட் போய், ஜெனரேட்டரில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது; கூலர் கம்பெனியில் எங்களுக்குக் கூலர் ஓடவில்லை. சோப்ரா சார் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சுந்தரம்ஜி, அந்த மழையைக் கொஞ்சம் திறங்க.”

திறந்தேன். இரண்டு பேரும் அந்தப் பூஜ்யங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.