ஹானி ராத்தாவின் பூத்தண்ணி

வாசல் கிரில்லுக்கு உள்ளே பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தெருவில் நிற்கும் நாயைக் கண்கொட்டாமல் பார்க்கிறார் உம்மு ஹானி, ஊர் வாயில் ஹானி ராத்தா, அதாவது ஹானி அக்கா. நாயும் அவரைப் பார்க்கிறது. புன்னைக்காயலிலிருந்து அதை அம்மா பிடித்துக் கட்டிக் கொடுக்க, பைக்கின் முன்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்த ஜெர்சன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறான். கடலில் வலை இழுக்கிற ஆள், இங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"என்ன ராத்தா, ஒண்ணும் கேக்க மாட்டேங்கியோ?"

"நீ சும்மா இரு. அது என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"அது எங்க சொல்லுது? மாதா கோயில் திருநாள்ல வெடி போட்டதுல இருந்து வாயே தொறக்கலை."

"அதைத்தான் சொல்லுது."

காயல்பட்டினத்தில் முஸ்லிம் வீடுகளில் நாயைத் தொட மாட்டார்கள். ஹானி ராத்தாவும் தொட மாட்டார். அதற்காக விரட்டவும் மாட்டார். "தொடுறதுக்குத்தான் தடை. அதுக்காக துஆ கேக்குறதுக்கு என்ன தடை? அதுக்கும் மனசைக் கொடுத்தவன் அவன்தானே" என்பார். ஆகவே வைத்தியத்துக்கு வரும் நாய்க்கு வாசல் கிரில், பூனைக்குப் பின்வாசல். வீட்டுக்குப் பின்னால் பெண்கள் போய்வர ஒரு ஒடுங்கிய சந்து உண்டு, முடுக்கு என்பார்கள். அதன் வழியே கூடையில் உட்கார்ந்து வரும் பூனைகள் நேரே ராத்தாவின் மடிக்கே வந்துவிடும். ஆடு எந்தப் பக்கமும் வரலாம். பின்பக்கம் வந்தால் முருங்கைக் கன்று மிஞ்சாது, அவ்வளவுதான்.

அவர் கொடுக்கும் மருந்துக்கு ஊர் வைத்த பெயர் பூத்தண்ணி. மலர் மருத்துவம் என்று தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தபோது போய்க் கற்றுக்கொண்டது. வகுப்பில் சொல்லிக்கொடுத்தது என்னவோ மனிதர்களுக்கு. ராத்தா அதைப் பூனைப் பக்கம் திருப்பிவிட்டார். மகள் ஜஹ்ரா மாப்பிள்ளையோடு பஹ்ரைன் போனதும், வீட்டுப் பூனை பூந்தி அவளுடைய பழைய துப்பட்டாவில் சுருண்டு படுத்து, மீன் தலையைக் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ராத்தா அழுதுகொண்டே பாலில் ஹனிசக்கிள் சொட்டுகளைக் கலந்து வைத்தார். சில நாள் கழித்துப் பூந்தி தானே எழுந்துவந்து அடுக்களைப் படியில் நின்று கத்தியது. அன்றைக்கு அதற்கு முழு மீனே கிடைத்தது.

மருந்துப் பெயர்களை ராத்தா தன் வசதிக்கு மாற்றி வைத்திருக்கிறார். ஹனிசக்கிள் என்றால் ஏக்கப் பூ. மிமுலஸ் பயத்துப் பூ. வால்நட் புது இடத்துப் பூ. எல்லாம் சீமையில் பூக்கிறவை. வழக்கமாக இந்தச் சாறு பிராந்தியில்தான் ஊறி வருமாம். "அந்த எழவை என் வீட்டுக்குள்ள ஏத்த மாட்டேன்" என்று ராத்தா பிடிவாதம் பிடிக்க, தூத்துக்குடி ஹோமியோ கடை லிங்கராஜ் அண்ணாச்சி கிளிசரினில் எடுத்ததை எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுக்கிறார். இந்தப் பூக்களில் ஒன்றையாவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா என்று அவரே ஒருமுறை வம்புக்கு இழுத்தார்.

"பார்த்ததில்லை அண்ணாச்சி. நான் துபாயைக்கூடத்தான் பார்த்ததில்லை. அங்கனயிருந்து எனக்குச் சோறு வரலையா?"

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே குப்பியைப் பொட்டலம் கட்டினார்.

கண்டதற்கெல்லாம் சொட்டு ஊற்றுகிற ஆளும் இல்லை ராத்தா. காய்ச்சலா, புண்ணா, வயிற்றுப்போக்கா, "கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடு, எங்கிட்ட வந்து நேரத்தைக் கடத்தாதே" என்று வாசலோடு திருப்பிவிடுவார். தம்முடையது மனசுக்கு மட்டும். அதிலும் தோற்பது உண்டு. முத்துச்செல்வியின் ஆடு, குட்டியை விற்ற துக்கத்தில் கத்திக்கொண்டே இருந்தது. பூத்தண்ணி குடித்த பிறகு இன்னும் கணீரென்று கத்தியது. பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முத்துச்செல்வி இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு, உடன்குடியிலிருந்து வந்த கருப்பட்டியில் ஒரு வட்டை ராத்தாவுக்கென்று எடுத்து வைப்பாள்.

குணமானால் ராத்தா உடனே கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, நன்றிக்கு இரண்டு ரக்அத் தொழுவார். பூனை சோறு தின்றதற்கா தொழுகை என்று கேட்டவள் முத்துச்செல்விதான். "ஏளா, வேணும்னு கேக்கும்போது மட்டும் கையை ஏந்திட்டு, கிடைச்ச பொறவு கையைக் கழுவிட்டுப் போனா, அவன் நம்மளைப் பத்தி என்ன நினைப்பான்?"

பூத்தண்ணியில் ராத்தா விட்டுக்கொடுக்காத சட்டம் ஒன்று உண்டு. வகுப்பில் இல்லாதது, அவராகக் கண்டுபிடித்தது. வாயில்லா ஜீவன் யாரைக் கண்டு மிரளுகிறதோ, அந்த ஆள் கையாலேயே மருந்தைக் கொடுக்க வேண்டும். ஜெர்சனுக்கும் அதையேதான் சொன்னார். திருநாளன்று சரவெடியைக் கொளுத்தி, நாய் படுத்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் வீசியவன் அவன்தான். அன்றிலிருந்து அவன் காலடிச் சத்தம் கேட்டாலே படகுக்கு அடியில் போய் ஒளிகிறது.

"எங்க அம்மை கொடுத்தாத்தான் ராத்தா குடிக்கும். எங்கிட்ட வரவே வராது."

"வராது. உள்ளங்கையில ஊத்தி வச்சிக்கிட்டு உக்காரு. கூப்பிடாதே, தொரத்தாதே. வாரப்ப வரட்டும். மருந்து பாதி, கை பாதி."

ஊருக்கெல்லாம் இந்தச் சட்டத்தைச் சொன்ன ராத்தா, தம் வீட்டில் அதை மறந்துபோனார். மறந்ததாகத்தான் தம்மிடமே சொல்லிக்கொண்டார்.

துபாயில் துணிக்கடையில் வேலை பார்த்த கணவர் ஹுதைஃபா இந்த நோன்புப் பெருநாளுக்கு முன்னால் ஊருக்கு வந்தார். இந்தத் தடவை விடுமுறை இல்லை. வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணம் ஆன புதிதில் போனவர். ஆண்டுக்கொரு முறையோ இரண்டாண்டுக்கொரு முறையோ வந்து, ஊர்க் காற்று உடம்பில் படிவதற்குள் திரும்பிப் போவார். இருவரும் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கைப்பிடிதான் தேறும். இந்த வீட்டின் மாடி, மகளின் படிப்பு, அவள் கல்யாணம் எல்லாம் அவர் அங்கே நின்ற காலில் நின்று சம்பாதித்தது. ராத்தாவுக்கு அது தெரியும். அவரை நினைத்தாலே நெஞ்சு நிறைந்துவிடும். தொழுகையில் அவர் பெயரைச் சொல்லாத நாள் கிடையாது.

நினைப்பது சுலபம். அந்த மனிதர் காலையில் பல்விளக்கிக்கொண்டு முற்றத்தில் நிற்கும்போதுதான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

இந்த ஊரில் பெண் தாய்வீட்டிலேயே இருப்பாள், மாப்பிள்ளைதான் அங்கே வந்து போவார். மாப்பிள்ளை வந்தால் விருந்து. ஆகவே ஹானி ராத்தா விருந்து வைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடி அலமாரியிலிருந்து பீங்கான் தட்டு இறங்கியது. காலையில் இறைச்சி ஆணம் என்னும் கறிக்குழம்பு, சாயங்காலம் இனிப்புத் தம்மடை. ஹுதைஃபா ஒரு டம்ளரைக் கழுவப் போனால், "ஐயோ, நீங்க போய் உக்காருங்க மச்சான்" என்று பிடுங்கிக்கொள்வார். அவர் காலடி கேட்டால் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொள்வார். பூந்தி இன்னும் ஒரு படி மேலே. அவரைக் கண்டதும் சீறிக்கொண்டு பீரோவின் உச்சிக்கு ஏறிவிடும். அவர் பள்ளிவாசலுக்குப் போன பிறகுதான் இறங்கி வந்து தின்னும். ஒருநாள் அவர் செருப்பில் சிறுநீரும் கழித்தது. அவர் வந்தால் பூந்தி பீரோ மேலே, ராத்தா அடுக்களைக்குள்ளே. கூடத்தில் அவர் மட்டும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

ராத்தா புது இடத்துப் பூவைக் கலந்தார். பயத்துப் பூவைச் சேர்த்தார். கணவருக்குத் தெரியாமல் தாமே பாலில் ஊற்றித் தாமே பூந்திக்கு வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. "வைத்தியச்சி வீட்டுப் பூனைக்கே வாய்க்கலை, என் ஆட்டைச் சொல்ல வந்துட்டா" என்று முத்துச்செல்வி கடையில் இருந்தபடியே கணக்குத் தீர்த்துக்கொண்டாள்.

கணவர் கையில் மருந்தைக் கொடுத்திருக்கலாம். விருந்தாளியிடம் போய் எப்படி வேலை சொல்வது?

ஒருநாள் மத்தியானம், தட்டில் வைத்த கறியைத் தொடாமல் ஹுதைஃபா சொன்னார்: "எனக்குப் புளியாணம் போதும் ஹானி. தெனமும் இந்தச் சாப்பாடு ஏன்? நான் என்ன நாளைக்கு ஃப்ளைட் ஏறப்போறனா?" பிறகு பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "துபாய்க் கடையில இன்னமும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காஹ. ரெண்டு வருஷம் போயிட்டுத்தான் வாரேனே. இங்கன நான் இருந்தா உங்களுக்கும் கஷ்டம், அந்தப் பூனைக்கும் கஷ்டம்" என்றார்.

பெண்டாட்டியிடம் 'உனக்கும்' என்று சொல்லாமல், விருந்துக்குப் போன வீட்டில் சொல்வதுபோல் 'உங்களுக்கும்' என்கிறார். 'போகாதீங்க, இருங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும். இத்தனை காலமாக 'போயிட்டு வாங்க' என்றே சொல்லிப் பழகிய நாக்கு, புதுச் சொல்லுக்குத் திரும்ப மாட்டேன் என்றது. அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினார்.

மறுவாரம் ஜெர்சன் பைக்கில் வந்து இறங்கினான். ஒரு கையில் ஓலைப்பெட்டி நிறைய விளமீன். காலைச் சுற்றிக்கொண்டு அதே நாய், வாலை ஆட்டி ஆட்டி இடுப்பே ஒடிந்துவிடும்போல. ராத்தா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கிரில்லைத் திறந்தவர் ஹுதைஃபா.

"அண்ணாச்சி, ராத்தா இல்லியா? அவங்களுக்குத்தான் மீனு. இந்தப் பய எங்கிட்ட வந்துட்டான் அண்ணாச்சி! மொதல்ல திரும்பிக்கூடப் பாக்கலை. நான் பாட்டுக்கு உள்ளங்கையில மருந்தை ஊத்தி வச்சிக்கிட்டு, படகுக்குப் பக்கத்துல மணல்லயே கிடந்தேன். எங்க அம்மைகூட கேலி பண்ணிச்சி. நேத்து வந்து நக்கிட்டான்!"

"நீங்க ஏன் கொடுத்தீங்க? உங்க அம்மாவையே கொடுக்கச் சொல்லலாமே?"

"அதெப்படி? யாரைக் கண்டா பயப்படுதோ அந்த ஆளு கையாலதான் கொடுக்கணும்லா. அதுதான் ராத்தாவோட சட்டம். ஊருக்கே தெரியுமே, உங்களுக்குத் தெரியாதா?"

மாடிப்படியில் வெற்றுக் கூடையோடு நின்ற ராத்தாவுக்கு எல்லாம் கேட்டது. ஜெர்சன் மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "ஏசு உங்களை நல்லா வைப்பாரு ராத்தா" என்று சொல்லிப் போனான்.

ஹுதைஃபா மீன் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். கோபம் என்று சொல்ல முடியாது. பந்தியில் தன்னைத் தாண்டிப் பரிமாறிப் போனால் ஒரு குழந்தையின் முகம் எப்படி ஆகுமோ, அப்படி இருந்தது.

"ஊருக்கெல்லாம் சொன்ன சட்டத்தை எனக்கு ஏன் சொல்லலை, ஹானி?"

ராத்தா படியிறங்கி வந்தார். மருந்துப் பெட்டியைத் திறந்து, கலந்து வைத்திருந்த குப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். இந்த வீட்டில் அவருக்கென்று கொடுக்கப்பட்ட முதல் வேலை அது.

ஹுதைஃபா மீன் பெட்டியை இறக்கினார், பேப்பரை மடித்து வைத்தார். லுங்கிச் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பீரோவுக்கு எதிரே வெறுந்தரையில் உட்கார்ந்து, பாலில் கலந்த சொட்டுகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். மேலேயிருந்து பூந்தி சீறியது. அவர் கூப்பிடவில்லை. அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவர் உட்கார்ந்தார். பீங்கான் தட்டு அலமாரிக்குத் திரும்பியது, அடுப்பில் புளியாணம் கொதித்தது. அவர் உட்கார்ந்துகொண்டே இருந்தார். கணுக்கால் வீங்கும் என்று ராத்தா ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டார். கடைவாசலில் காலமெல்லாம் நின்ற கால் அது என்று அப்போதுதான் அருகில் பார்த்தார், நரம்பெல்லாம் சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. "யா அல்லாஹ், இந்தக் காலையா நான் இத்தனை நாள் தூரத்துல நின்னு பார்த்தேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். அவர் நிமிர்ந்து பார்த்தார். கை மட்டும் அசையவில்லை. கையை ஆட்டினால் பால் சிந்திவிடும்.

சாயங்காலத்து அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். பூந்தி பீரோவிலிருந்து நாற்காலிக்கு இறங்கியது. நாற்காலியிலிருந்து தரைக்கு. சுற்றி வந்து முதுகுப்புறம் மோந்து பார்த்தது. பிறகு முன்னால் வந்து, கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, அந்த உள்ளங்கையை நக்கியது. ஒரு தடவை. பிறகு விடாமல்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹுதைஃபா, பூனைக்குக் கேட்காத குரலில். அவர் கண்ணிலிருந்து நீர் தாடிக்குள் இறங்கியது. "ஹானி, பார்த்தியா? வந்துட்டு."

'நீங்க' போய் 'நீ' வந்ததை ராத்தா கவனித்தார். வழக்கமாக இந்த இடத்தில் அவர் எழுந்து ஒளு செய்யப் போவார். இன்று போகவில்லை. தலைத்துணி தோளில் நழுவிக் கிடந்தது, இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. பூந்தி நக்கி முடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்ததும், அது இருந்த இடத்தில் கணவருக்கு எதிரே ராத்தா சம்மணமிட்டு உட்கார்ந்தார். குப்பியை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, அவர் முன்னால் தம் பங்குக்கு நாக்கை நீட்டினார்.