எந்தப் பாட்டோட காப்பி?

ரங்கூனில் தின்கன்ஜூன் நிறுத்தம் தாண்டியதும் ஏசுரத்தினம் கேசட்டை உள்ளே தள்ளுவார். அப்புறம் ரோட்டைப் பாதியும் கண்ணாடியைப் பாதியும் பார்த்து வண்டி ஓட்டுவார். ஆளேற்றி ஓடும் அவருடைய ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின், எங்கள் பேச்சில் லைன்காரின், பின்பக்கப் பலகைகளில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பவர்களில் யாருடைய தலை ஆடுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். எல்லாத் தலையும் ஆடத்தான் செய்யும், ரோடு அப்படி. “பள்ளத்துக்கு ஆடுற தல வேற, பாட்டுக்கு ஆடுற தல வேற. எனக்குத் தெரியும்ல” என்பார்.

வயது நாற்பத்தாறு. கழுத்துப் பொத்தான் வரை போட்ட கட்டம்போட்ட சட்டை, கீழே பர்மாக் கைலியான லோஞ்சி. சீட்டுக்குப் பின்னால் கிட்டார், மனைவி ரெபேக்காவின் பழைய போர்வைக்குள். அதன்மேல் கண்டக்டர் செல்லையா சாப்பாட்டுக் கேரியரை வைத்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். சிக்னலில் நிற்கும்போது ஹாரனை ஒரு தட்டுத் தட்டி, அந்தச் சுருதியில் முனகுவார். “நம்ம ஹாரன் சுத்தமா ஜி-யில நிக்குதுடா.” முன்னால் நிற்கும் டாக்ஸிக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள்.

புது டயருக்கு வைத்திருந்த காசில்தான் போன வருஷம் அந்தக் கேசட்டைப் பதிவு செய்தார். பத்துப் பாட்டு. பெயர், ‘உள்ள தள்ளி நில்லுங்க’. சொந்த ஊரான கியாக்தான் வயலில் அவருடைய அம்மா பாடிய நடவு மெட்டை எடுத்து, சர்ச்சில் வாசிக்கிற கிட்டாரைக் கவ்பாய் மாதிரி இழுத்து, கல்யாண பேண்டில் டிரம் அடிக்கிற ஸ்டீவனை அடி அடியென்று அடிக்க விட்டிருக்கிறார். சரணம் பர்மீஸில், பல்லவி தமிழில்.

விற்கவில்லை. ரங்கூனில் பாட்டென்றால் இங்கிலீஷ் மெட்டில் பர்மீஸ் வரி போட்டதுதான். கேசட் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, “எந்தப் பாட்டோட காப்பி?” லான்மடாவில் கடை வைத்திருக்கும் அப்துல் சமது ஒவ்வொரு கேசட்டின் கீழும் அசல் பாடகர் பெயரை அட்டையில் எழுதிவைப்பார். ஏசுரத்தினத்தின் கேசட்டுக்குக் கீழே மட்டும் ‘சொந்த மெட்டு’. அதைப் படித்தவர்கள், எடுத்த கேசட்டை மெதுவாகத் திரும்ப வைத்தார்கள்.

ஒருநாள், ஏசுரத்தினத்தின் பக்கத்து வீட்டுப் பையனான நான் சமது காக்காவிடம் போய், “இது ஹாரி டார்டன் பாட்டு காக்கா, அமெரிக்காவுல பெரிய ஆளு” என்றேன். எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் இருந்த பெயர் அது. காக்கா அட்டையை மாற்றினார். பத்து நாளில் இருபத்திரண்டு கேசட் போய்விட்டது. ஒரு காலேஜ் பையன் டார்டனின் ஒரிஜினலைத் தன் வீட்டில் வைத்திருப்பதாகக்கூடச் சொன்னானாம்.

விஷயம் ஏசுரத்தினத்துக்கு எட்டியது. டீக்கடையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். அடி விழும் என்று நினைத்தேன்.

“அந்த டார்டன் நல்லாப் பாடுவானா?”

“உங்கள விடச் சுமார்தான் மாமா.”

டீயைச் சாஸரில் ஊற்றிக் குடித்து முடித்தார். நேரே கடைக்குப் போய் அட்டையைக் கிழித்தார்.

“ரத்தினம், இப்பதான் நாலு பேரு வாங்குறான். பேருல என்ன இருக்கு?” என்றார் காக்கா.

“எங்க அம்மா இருக்கு காக்கா” என்று, தன் கையாலேயே ‘சொந்த மெட்டு’ என்று எழுதிவைத்துவிட்டு வந்தார். அதோடு விற்பனை நின்றது. வழுக்கை டயரோடு கார் ஓடிக்கொண்டிருந்தது. டயர் பஞ்சரான நாளெல்லாம் செல்லையா, “டார்டன் இருந்திருந்தா டயர் வந்திருக்கும்ண்ணே” என்பார்.

நேற்று நான் முன் சீட்டில் இருந்தேன். மூன்றாவது பாட்டு ஓடியது. பின்னால் கருவாட்டுக் கூடையோடு ஒரு பர்மாக்காரம்மா, வெளியே பார்த்தபடி பல்லவியை முனகினார். தமிழ் அவருக்குத் தெரியாது, வார்த்தையெல்லாம் மென்று துப்பியது போல இருந்தது. மெட்டு மட்டும் பிசகவில்லை.

“அண்ணே, லான்மடா ஸ்டாப்பத் தாண்டிட்டோம்” என்று செல்லையா தகரத்தைத் தட்டினார். ஏசுரத்தினம் பிரேக்கைத் தொடவில்லை. இடது கையை நீட்டி, கேசட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார், அந்த அம்மாளின் குரல் மட்டும் மிஞ்சும்வரை.