விளக்கான பிள்ளைக்கூடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மலைமேல் இருக்கும் சித்திரபுரம் மின்நிலைய ஊழியர் குவார்ட்டர்ஸுக்கு வாழ வந்தவள் நான். கணவர் வேலைக்குப் போய்விட்டால் பேச ஆளில்லை. கூடை முடைந்து விற்கும் மாரியம்மா மட்டும் வாரம் ஒருமுறை வருவார். நான் உண்டாகியிருந்தபோது, பிள்ளைத்துணி வைப்பதற்கென்று மெல்லிய மூங்கில் கூடை ஒன்று முடைந்து கொடுத்தார்.

பிரசவத்துக்கு ஊருக்குப் போனேன். குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டது. திரும்பி வந்ததும் அந்த வெறுங்கூடையைப் பார்க்க முடியவில்லை. அடியை அறுத்தெடுத்து, கூடத்து பல்பைச் சுற்றித் தொங்கவிட்டேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்து, புதுமாதிரி அலங்காரம் என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் மாரியம்மா வந்தார்.

"பிள்ளை எங்க தாயி?"

"அம்மா ஊட்டுல இருக்குதுங்க" என்று பொய் சொன்னேன்.

அவர் பார்வை மேலே போனது. தன் கூடையை அடையாளம் கண்டுகொண்டார். கோபிப்பார் என்று பயந்தேன்.

"வெட்டுன எடம் பிரிஞ்சிரும். இறக்கு தாயி, விளிம்பு கட்டித் தாரேன்" என்று தரையில் உட்கார்ந்தார்.

அவர் கட்டி முடிப்பதற்குள் நடந்ததையெல்லாம் சொல்லி அழுதுவிட்டேன். மற்றவர்கள் எல்லாரும் மறந்துவிடு என்றே சொல்லியிருந்தார்கள். "யாரு சாடை தாயி?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"என்ற சாடைதானுங்க, என்னைய மாதிரியே" என்றேன். அதை யாரிடமாவது சொல்லத்தான் அத்தனை நாளும் காத்திருந்திருக்கிறேன்.