பரஸ்தானம் வைத்த கோல்ஃப் பை

ஒரு வெள்ளைக்காரரின் கோல்ஃப் பை எங்கள் மட்டாஞ்சேரி வீட்டின் பூஜையறைக்கு வெளியே சாத்தி வைக்கப்பட்டிருந்தது. தோல் பை என்பதால் அம்மா அதைப் பூஜையறைக்குள் விடவில்லை. தூக்கிப் போடவும் அப்பா விடவில்லை. அப்பா வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியின் மேனேஜர் ஊரை விட்டுப் போகும்போது ஞாபகமாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனது அது. அவர் இடதுகைக்காரர். உள்ளே இருந்த ஸ்டிக்குகள் எல்லாம் இடது கையால் அடிப்பதற்கென்றே செய்தவை. கம்பெனியில் வேறு யாருக்கும் அவை உதவவில்லை. எங்கள் வீட்டிலோ அண்ணா இருந்தான். இடது கையால் சாப்பிட்டதற்கும் எழுதியதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டே வளர்ந்தவன். அவன் கைக்கென்றே கடல் தாண்டி வந்ததுபோல அந்தப் பை வந்து சேர்ந்தது.

படிப்பு அண்ணாவுக்கு ஏறவில்லை. ப்ரீ டிகிரியில் கணக்குப் பாடம் அவனைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஆனால் எர்ணாகுளத்தை ஒட்டிய ஒரு தீவிலிருந்த கோல்ஃப் மைதானத்தில் அவன் வேறு ஆளாக இருந்தான். புதிதாக வந்த மேனேஜர் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைத் தன்னோடு படகில் அழைத்துப் போவார். பந்தை அடிப்பதற்கு முன் அண்ணா ஒரு நொடி அசையாமல் நிற்பான். வீட்டில் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவனா இவன் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அவன் பதினேழு வயதில் இருந்தபோது அந்த மைதானத்தில் ஜூனியர் போட்டி ஒன்று அறிவித்தார்கள். மெட்ராஸில் ஒரு பெரிய காலேஜின் விளையாட்டு ஆசிரியர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. பையன் நன்றாக ஆடினால் மார்க்கைப் பார்க்காமல் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் தருகிறேன், ஹாஸ்டலும் என் பொறுப்பு என்று மேனேஜரிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அண்ணா பட்டதாரி ஆவதற்கு இருந்த ஒரே வழி அதுதான். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

போட்டி சனிக்கிழமை காலையில். அப்பா பஞ்சாங்கத்தைப் பிரித்தார். சனிக்கிழமை கிழக்கே சூலம். எர்ணாகுளமும் அந்தத் தீவும் எங்களுக்குக் கிழக்கே. எங்களவர்கள் இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருக்கிறார்கள். நல்ல நேரத்தில், போகிறவரின் சாமானை முன்கூட்டியே வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ளலாம். இதுதான் பரஸ்தானம். மற்றவர்கள் ஒரு துணிப் பையையோ குடையையோ வைப்பார்கள். அப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை கோல்ஃப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போனார். அங்கே மிளகு வியாபாரம் செய்த யூதப் பெரியவர் அவருடைய பல வருட சிநேகிதர். அவர் வீட்டு முன்னறையில் பையை வைத்துவிட்டு, "இனி பயமில்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள்; வெள்ளி அந்தியிலிருந்து சனி அந்தி வரை சாவியைக்கூடத் தொடமாட்டார்கள். மட்டாஞ்சேரியில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. அப்பாவுக்குத் தெரியாதா? ஆனால் அவர் கையிலிருந்த பஞ்சாங்கத்தில் எங்கள் சனிக்கிழமை மட்டும்தான் இருந்தது. பெரியவர் மேலும் குற்றமில்லை. விலையுயர்ந்த பொருள் முன்னறையில் கிடக்க வேண்டாமே என்று அந்தி சாய்வதற்கு முன்பே அதைத் தன் மிளகு மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியில் வைத்துப் பூட்டிவிட்டார். மறுநாள் காலையில் அப்பாவும் அண்ணாவும் நானும் போய் நின்றபோது வீட்டில் ஒருவரும் இல்லை. எல்லோரும் யூதப் பள்ளிக்குத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். பை கிட்டங்கியில் இருப்பதை எதிர்வீட்டு அம்மாள்தான் சொன்னாள்.

கிட்டங்கிக் கதவில் என் முகத்தளவு பூட்டு தொங்கியது. என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அப்பாவும் அண்ணாவும் பள்ளி இருந்த பக்கமாகப் போனார்கள். மிளகு வாசனையில் தும்மிக்கொண்டே நான் நின்றேன். போன வேகத்திலேயே, வெறுங்கையோடு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

"பிரார்த்தனை நடக்கறது. நடுவிலே போய் விளிக்கப்படாது. செத்த நேரம் நிப்போம்" என்றார் அப்பா.

"அப்பா, தீவுக்குப் போற போட்டு போயிடும்" என்றான் அண்ணா.

"அவா நேமம் அவாளுக்கு. நம்ம பூஜை நடுவிலே ஆரானும் வந்து விளிச்சா நாம சம்மதிப்போமா?"

வேறு யாரிடமாவது ஸ்டிக் இரவல் வாங்கி ஆடலாமென்றால் அண்ணாவின் இடது கைக்கு இந்த ஊரில் வேறு செட் கிடையாது. நாங்கள் நின்றோம். போட்டு போயிற்று. அடுத்ததும் போயிற்று. பிரார்த்தனை முடிவதற்குள் நேரம் தாண்டிவிட, நாங்கள் வீடு திரும்பினோம். கோல்ஃபில், பெயரைக் கூப்பிடும்போது ஆட்டம் தொடங்கும் இடத்தில் நிற்காதவன் போட்டியில் இல்லை. தீவில் அண்ணாவின் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பையனை அழைத்துவிட்டார்கள். மெட்ராஸ்காரர் சாயங்காலமே ரயிலேறிவிட்டார் என்று மேனேஜர் பிறகு சொன்னார். அப்பாவிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவே கொஞ்ச காலம் ஆயிற்று.

அன்று பொழுது சாய்ந்ததும் அந்தப் பெரியவரே பையைத் தோளில் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டு ஆடிப்போயிருந்தார். "சாமி, ஒரு வாக்கு வந்நு விளிச்சால் போராயிருந்நோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதாதா என்று அவருக்கு ஆற்றாமை. அவர் சாவியைத் தொடமாட்டார்தான். ஆனால் இன்னொரு சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் திறந்து கொடுத்திருப்பான். நாங்கள் நின்ற நேரமெல்லாம் மூலைச் சாயாக்கடையில்தான் அவன் உட்கார்ந்திருந்தானாம். பெரியவரின் கண் கலங்கியிருந்தது. அப்பா அவர் கையைப் பிடித்து, "சாரமில்லை" என்றார். பரவாயில்லையாம்! அம்மா உள்ளே பாத்திரத்தை ஓங்கி வைத்த சத்தம் முன்னறை வரை கேட்டது.

அண்ணா களமசேரியில் ஒரு ஃபாக்டரியில் சேர்ந்தான். ஷிப்ட் மாறி மாறி வேலை பார்த்து அங்கேயே ஓய்வும் பெற்றான். இப்போது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பெண் இருக்கிறாள். ஊர் ஊராகப் போய் ஜூனியர் கோல்ஃப் ஆடுகிறாள். அமெரிக்கக் காலேஜ் ஒன்று அவளைக் கூப்பிட்டிருக்கிறது. அவளுடைய அப்பா லிஃப்டில் அதைச் சொன்னபோது வாழ்த்துச் சொல்லவேண்டிய நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள் வந்ததும் அண்ணாவுக்குப் போன் செய்து கொட்டித் தீர்த்தேன். ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் போதுமே, அப்பா உன் வாழ்க்கையையே மரியாதைக்குப் பலி கொடுத்துவிட்டாரே, உனக்குக் கோபமே வராதா என்று கேட்டேன்.



"நீ கிட்டங்கி வாசல்ல நின்னாய். நோக்குத் தெரியாது" என்றான் அண்ணா. "பள்ளி வரைக்கும் அப்பா ஓடினார். வேஷ்டியை மடிச்சுக் கட்டிண்டு, அத்தனை பேர் பாக்க, தெருவிலே ஓடினார். எனக்காக அப்பா ஓடி நான் அதுக்கு முன்னே கண்டதில்லை. வாசல் கிட்டே பிரார்த்தனைச் சத்தம் கேட்டதும்தான் நின்னார்."

அவனுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. எனக்குப் போதவில்லை. அவ்வளவு தூரம் ஓடிய மனிதர் இன்னும் நாலடி உள்ளே போயிருக்கக் கூடாதா?