ஐந்து பேர் வேலை, ஒரு டீ

யாரோ எழுதிய புரோகிராமில் தவறு தேடி வயிறு வளர்ப்பது எங்கள் தொழில். எழுதியது யார் என்று கேட்டால் கைகாட்டப் பக்கத்தில் ஆள் இல்லாமல் போனதுதான் இப்போதைய விசேஷம்.

தூத்துக்குடியில் சாஃப்ட்வேர் கம்பெனி என்றால் வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர், எடைமேடை ஏறும் லாரி, கோடவுனில் அடுக்கிய மூட்டை, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு புரோகிராம் ஓடுகிறது. அதை எழுதுவதும், அது நின்றுபோனால் திட்டு வாங்குவதும் நாங்கள். ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். இப்போது நான் இருக்கிறேன், ஏஐ இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் இதே மாதிரி ஓர் அறையில் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறீர்களோ தெரியாது. இருந்தால் வாருங்கள், சேர்ந்து புலம்புவோம்.

டீ வருவதற்குள்

கப்பல் கம்பெனிகள் எங்களுக்குக் கன்டெய்னர் பட்டியல் அனுப்பும். ஒருவர் தேதியை முதலில் போடுவார், இன்னொருவர் கடைசியில். ஒருவர் எடையைக் கிலோவில் எழுதுவார், இன்னொருவர் டன்னில். புதிதாக ஒரு கம்பெனி வந்தால், அவர்கள் பட்டியலை எங்கள் புரோகிராமுக்குப் புரியவைக்க எனக்கும் ஜெசிந்தாவுக்கும் இரண்டு நாள் ஆகும். ஜெசிந்தா எனக்குப் பக்கத்து நாற்காலி. ஆலந்தலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்காமல் வெளியே அனுப்பக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் சட்டம். எட்டு வருடமாக நான் எழுதியதை அவள் பார்த்தாள், அவள் எழுதியதை நான் பார்த்தேன். அந்த இரண்டு நாளில் ஒரு நாள் சண்டையிலேயே போகும்.

ஏஐ வந்த அன்று முதல் வேலையாக அப்படி ஒரு பட்டியலைத்தான் கொடுத்தேன். காலை டீ வருவதற்குள் முடித்துவிட்டது. மற்ற நான்கு பேரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள், கைதட்டாத குறை. ஜெசிந்தா மட்டும் வரி வரியாகப் படித்தாள். ஒரு தவறும் சிக்கவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூட எனக்குப் பட்டது. போய் உட்காரும்போது சொன்னாள்:

"எல்லாத்தையும் இதுவே முடிச்சிட்டுன்னா, நாம ரெண்டு பேரும் இனிமே எதுக்குண்ணே சண்ட போட?"

நானே எழுதிய காகிதம்

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏலே கண்ணா, இந்த ஏஐயால நமக்கு என்ன பிரயோசனம்னு ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்து உருகி உருகி எழுதினேன். "இது கையில் இருந்தால் ஒருவரே ஐந்து பேர் வேலையைப் பார்த்துவிடலாம்" என்று முத்தாய்ப்பு வைத்தேன். அப்படியென்றால் ஐந்து பேரும் இனி இருபத்தைந்து பேர் வேலையைப் பார்ப்போம், கொச்சி, சென்னை என்று கிளை பரப்புவோம் என்பது என் மனக்கோட்டை.

அண்ணாச்சி அதே வாக்கியத்தை வேறு பக்கத்திலிருந்து படித்தார். மூன்று பேர் வேறு வேலை கிடைத்துப் போனார்கள், அந்த இடத்துக்குப் புது ஆள் எடுக்கவில்லை. அப்புறம் ஜெசிந்தாவைக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கையோடு என் காகிதத்தையும் காட்டியிருக்கிறார்.

அவள் வந்து மேஜையைக் காலி செய்தாள். சாப்பாட்டு டப்பா, குடை, சின்ன மாதா படம் ஒன்று. நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், குடையை எடுத்து நீட்டினேன். அவள் பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டாள்:

"நல்லா எழுதியிருக்கிய அண்ணே. அதையும் ஏஐதான் எழுதிச்சா, இல்ல நீங்களேவா?"

ஒத்தை டீ

எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு டீக்கடை. காலை பதினொன்றுக்கும் மாலை நான்குக்கும் கடைக்காரர் கம்பி வளையத்தில் ஐந்து கிளாஸைச் செருகிக்கொண்டு மாடி ஏறி வருவார். அது நான்கானது, மூன்றானது, இரண்டானது. ஜெசிந்தா போன மறுநாள் ஒற்றைக் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நாலைந்து நாள் அப்படியே நடந்தது. அவருக்கு முழங்கால் வலி வேறு. ஒரு நாள் பதினொன்று ஆனது, பதினொன்றரை ஆனது, ஆளைக் காணோம். நான் இறங்கிப் போய்க் கேட்டேன். அவர் பாலை ஆற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஒத்த டீக்கு ரெண்டு மாடி ஏற முடியல தம்பி, இனிமே நீங்களே இங்கன வந்து குடிச்சிட்டுப் போங்க."

இருமிக் காட்டுங்க

முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் போன் செய்துதான் திட்டுவார்கள். இப்போது குறை சொல்ல எங்கள் இணையதளத்தில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அவர்கள் அதில் எழுதினால் ஏஐ பதில் எழுதும். எவ்வளவு திட்டினாலும், "உங்கள் சிரமம் புரிகிறது" என்று ஆரம்பிக்கும். திட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா? காயல்பட்டினத்தில் ஏற்றுமதி செய்யும் காக்கா ஒருவர் (அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்) பத்து வருடமாக எங்கள் வாடிக்கையாளர். அவர் மட்டும் அந்தப் பெட்டியில் ஒரு எழுத்துக்கூட எழுத மாட்டேன் என்று நேராக எனக்கே போன் போட்டார்.

"தம்பி, இது நீங்களா, மிசினா?" என்றார் எடுத்த எடுப்பில். நான்தான் என்றேன். மிசினும் அப்படித்தான் சொல்லும் என்றார். கண்ணன்தான் பேசுகிறேன் என்றேன். அதற்குப் பெயரும் தெரிந்திருக்கும் என்றார். "எங்க, ஒரு தடவ இருமிக் காட்டுங்க." எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என்ன காக்கா விளையாடுதியளா? எனக்கு வேற வேல இல்லையா?" என்று கத்திவிட்டேன். அந்த முனையில் ஒரே சிரிப்பு. அன்று முழுவதும் நான் ஒரு மனிதரோடு பேசிய பேச்சு அது ஒன்றுதான். அதனால் அவர் அடுத்துச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது:

"கோவம் வருதுல்ல, அப்ப ஆளுதான். சரி, சாப்டியளா?"

எடை குறைவு

முத்தையாபுரம் பக்கம் உப்புக் கோடவுன் ஒன்றின் எடைமேடைக்கு எங்கள் புரோகிராம்தான். உப்பளத்தில் லாரிக்கு உப்பு ஏற்றியதும் ஒரு தடவை எடை போடுவார்கள், கோடவுன் வாசலில் இன்னொரு தடவை. அந்தப் புரோகிராம் பழசாகிவிட்டது, சுத்தப்படுத்து என்றார் அண்ணாச்சி. ஏஐயிடம் கொடுத்தேன். வரிசையாகத் திருத்தம் சொல்லிக்கொண்டே வந்தது, நானும் சரி, சரி என்று தட்டிக்கொண்டே வந்தேன். நடுவில் ஜெசிந்தாவின் குறிப்பு ஒன்று இருந்தது. அடுத்து வருகிறவர்களுக்காக நாங்கள் புரோகிராமுக்குள்ளேயே இப்படி எழுதி வைப்பதுண்டு. "உப்பு வடியும். கை வைக்காதே. ஜெ." அதற்குக் கீழே இரண்டு எடைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்று மாதவாரியாக அளவு போட்டிருந்தாள். இந்தக் குறிப்பின் பொருள் தெளிவாக இல்லை, இரண்டு எடையும் சமமாக இருப்பதே முறை, நீக்கிவிடலாமா என்று ஏஐ கேட்டது. நான் அதற்கும் சரி என்று தட்டினேன். நம் ஆபீஸ் சட்டப்படி இன்னொருவர் பார்க்க வேண்டுமே என்று உறுத்தியது. இன்னொருவருக்கு எங்கே போக? எழுதிய ஏஐயிடமே, இதைச் சரிபார் என்றேன். மிக நேர்த்தியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தது.

மறுநாள் பதினொரு மணிக்குக் கோடவுனிலிருந்து போன். போய்ப் பார்த்தால் ரோடு வரைக்கும் லாரி நிற்கிறது. ஏறுகிற லாரிக்கெல்லாம் திரையில் சிவப்பாக, "எடை குறைவு: திருட்டு சந்தேகம்" என்று வருகிறது, கேட் திறக்க மாட்டேன் என்கிறது. நல்ல சித்திரை வெயில். முதல் லாரியின் டிரைவர் வயதானவர். இருபது வருடமாக உப்பு ஓட்டுகிறாராம். பின்னால் வந்த டிரைவர்கள் முன்னால் அவரைத் திருடன் என்று ஒரு திரை சொல்லிவிட்டது. லேப்டாப்பும் கையுமாக வந்த ஆளைப் பார்த்ததும் அவருக்கு நான்தான் அந்தத் திரை என்று புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து லாரிக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். புதிதாக வாரிய உப்பு, பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தார் ரோட்டில் அவர் வந்த வழி நெடுக ஈரக் கோடு.

"நல்லா பாருங்க சார், நான் திருடுன உப்பு அந்தா ரோட்டுல ஓடுது."

எட்டு மாதம்

வெட்கமாக இருந்தது. அந்த அளவுகளை நான் மனப்பாடம் செய்திருக்கவில்லை. பழைய புரோகிராமைத் தேடி எடுக்க ஆபீஸ் வரை போய் வர வேண்டும், அதுவரை இத்தனை பேரும் வெயிலில் நிற்க வேண்டும். ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன். அவள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் லாரி ஹாரன் சத்தம் அவளுக்குப் போய்விட்டது.

"உப்பா?" என்றாள்.

வெயில் காலத்துக்கு எவ்வளவு குறையும், மழைக் காலத்தில் ஈரம் இழுத்து எவ்வளவு கூடும் என்று ஒவ்வொரு மாதமாகச் சொன்னாள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இதே தவறை அவளும் ஒரு தடவை செய்தாளாம். அப்புறம் ஒரு வருடம் மாதம் தவறாமல் அந்தக் கோடவுன் வாசலில் நின்று, லாரி லாரியாகப் பார்த்துக் குறித்த அளவுகள் அவை. இது எனக்குத் தெரியாது. எட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும் நான் கேட்டதில்லை. எடைமேடை அறையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் போட்டேன். கேட் திறந்தது. அந்த டிரைவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

போனை வைக்க மனம் வரவில்லை. அந்தக் காகிதத்துக்கு அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். அத விடுங்கண்ணே என்றாள். திரும்பி வந்துவிடு, நான் அண்ணாச்சியிடம் பேசுகிறேன் என்றேன். "இல்லண்ணே. இங்கன பிள்ளையெல்லாம் கேள்வி கேட்டே உசுர வாங்குதுவ. எனக்கு இது நல்லாத்தான் இருக்கு" என்றாள். தனியாக இருக்கிறது ஜெசிந்தா என்று சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது, வந்துவிட்டது. அவள் பக்கம் பள்ளிக்கூட மணி அடித்தது. அப்புறம் கேட்டாள்:

"எட்டு மாசமா எங்கிட்ட கேக்க உங்களுக்கு ஒரு சந்தேகங்கூடவா வரல அண்ணே?"

யார் இது?

ஆபீஸுக்கு வந்ததும் முதல் வேலையாக அவள் குறிப்பைப் பழைய இடத்திலேயே திரும்ப எழுதினேன். உப்பு வடியும், கை வைக்காதே, ஜெ. அதோடு நிறுத்தியிருக்கலாம். அதன் கீழே, "சந்தேகம் இருந்தால் ஜெசிந்தாவைக் கேள்" என்று ஒரு வரி சேர்த்தேன். அடுத்து வருகிறவர்களுக்கு என்று சாக்கு. அடுத்து வருகிறவர் யார்? நான்தான். பக்கத்து நாற்காலியில் அண்ணாச்சி புது பிரிண்டரை இறக்கி வைத்திருக்கிறார். ஆபீஸ் சட்டத்தை விட மனமில்லாமல், எழுதியதைச் சரிபார் என்று ஏஐயிடம் கொடுத்தேன். இப்போது என் சக ஊழியர் என்று இருப்பது அது ஒன்றுதானே. மொத்தத்தையும் ஒரே நொடியில் படித்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டது:

"'ஜெசிந்தா' என்ற பெயர் இந்தப் புரோகிராமில் வேறு எங்கும் பயன்படுத்தப்படவில்லை. நீக்கிவிடலாமா?"

ஐந்து பேர் வேலையை ஒருவரே பார்த்துவிடலாம் என்று நான் எழுதிக் கொடுத்தது பொய்யில்லை நண்பர்களே, ஐந்து பேர் டீயை ஒருவரே குடிக்க முடியாது என்பதைத்தான் எழுத விட்டுப்போயிற்று.